கூட்ஸ் மாட்டின் பால் குறித்து அக்காவுக்கு ஒரு விண்ணப்பம்

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களின் பாதங்களுக்கு (இடது பாதம் மாவுக்கட்டில் இருப்பதால் தற்போதைக்கு வலது பாதத்துக்கு மட்டும்) தம்பி மிகுந்த அடக்கத்துடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

இங்கு நானும் என் வீட்டுக்காரியும் மூன்று மாடுகளும் சௌக்கியம். அங்கு தாங்களும் தங்கள் எலும்பும் மனஸ்தாபம் நீங்கி ஒன்று சேர்ந்து வருவீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியில் நான் நடந்ததைச் சொல்லத் தொடங்கியதும் தாங்கள் சிரிக்க, கட்டில் குலுங்க, நர்ஸ் அம்மா போனைப் பிடுங்கி, "இனிமே எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புங்க, அவங்க கொஞ்சம் கொஞ்சமா சிரிச்சுக்கட்டும்" என்று கண்டித்துவிட்டபடியால் இதை எழுதலானேன். ஒவ்வொரு பத்திக்கும் நடுவில் தாங்கள் கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொள்ளவும்.

தாங்கள் அறிந்த விஷயமேயானாலும் முதலிலிருந்து சொல்வதுதான் எனக்கு வழக்கம். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளனாக இருந்தவன் எதையும் பாதியில் தொடங்கமாட்டான். பால் சங்கத்தில் பரிசோதகராக இருக்கும் தாங்கள், இந்த மலைச் சரிவில் உள்ள வீடுகளுக்கெல்லாம் எந்த மாடு வாங்கிக் கொடுப்பது என்ற சண்டைக்கு ஒரு முடிவு கட்டுவதற்காக, கறுப்பு வெள்ளை மாட்டிலேயே மூன்று கால்வழிகளிலிருந்து, அதாவது மூன்று வம்சங்களிலிருந்து, வழிக்கு ஒன்றாக வரவழைத்து, ஒரே கொட்டிலில் கட்டி, ஒரே நேரத்தில் கறந்து, எது எவ்வளவு தின்கிறது, எவ்வளவு தருகிறது, தருவதில் பால் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். சங்கத் தலைவரும் உறுப்பினர்களும் பார்வையிட்டு முடிவு சொல்லும் நாள் நெருங்கும்போது சாணத்தில் வழுக்கினீர்கள். போன் வந்தது. "கொஞ்ச நாளைக்கு ரெண்டு பேரும் வந்து பார்த்துக்கங்கடா. மாடுதானே, கடிக்காது" என்றீர்கள். கடிக்கவில்லை என்பதை இங்கே நன்றியுடன் குறிப்பிடுகிறேன். மற்றதெல்லாம் செய்தன.

நாங்கள் வந்து இறங்கிய சாயங்காலம் சரிவு முழுக்கப் பனிமூட்டம். இந்த ஊர்ப் பனி அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி கீழேயிருந்து மேலே வருகிறது. பார்த்துக்கொண்டே நிற்கலாம்போல் இருந்தது, நின்றேன். மேய்ச்சலுக்குப் போன மாடுகளை ஓட்டிவரும்படி வீட்டுக்காரி என்னைத் தள்ளிவிட்டாள். பனிக்குள்ளே கறுப்புத் திட்டு தெரிகிறது, வெள்ளைத் திட்டு தெரியவில்லை, ஆகவே மாடு முழுசாகத் தெரியாமல் இங்கே ஒரு முதுகு, அங்கே ஒரு காது என்று அந்தரத்தில் மிதக்கின்றன. நானும் கொஞ்சம் மிதந்தேன். எப்படியோ மூன்றைக் கொட்டிலுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். தாங்கள் அவற்றுக்குக் கொடுத்திருந்த எண்கள் என் மனசில் நிற்காததால் எனக்குத் தெரிந்த பெயர்களை வைத்தேன். நெட்டையாக, மடி பெருத்து, எப்போதும் எங்கேயோ அவசரமாகப் போவதுபோல் நிற்கிறவள் எக்ஸ்பிரஸ். சின்ன உடம்பு, நிற்கிற இடத்திலெல்லாம் ஒரு வாய் புல், யாரையும் ஏற்றிக்கொள்கிற முகம், அவள் பாசஞ்சர். மூன்றாமவள் கனத்த உடம்புக்காரி, ஒரு அடி வைத்தால் அடுத்த அடிக்கு யோசிக்கிறவள். அவள் கூட்ஸ். வீட்டுக்காரி கேட்டாள், "ஏங்க, ஒரே ஒரு பொண்ணைப் பார்த்துட்டு அவ குடும்பமே இப்படித்தான்னு சொல்றது நியாயமா?" நான் பதில் சொல்லவில்லை. அப்போதெல்லாம் நான் எதற்கும் பதில் சொல்லுவதில்லை என்பது தங்களுக்குத் தெரியும்.

கறவை விவரம் வருமாறு. எக்ஸ்பிரஸ் கேன் நிரம்பி வழியத் தந்தாள், ஆனால் அவளுக்கு வைக்கிற பிண்ணாக்கையும் அடர்தீவனத்தையும் பார்த்தால் கேன் நிரம்பியதில் நமக்கு என்ன பெருமை என்று தோன்றும். பாலும் லேசு, டம்ளரைத் தூக்கிப் பிடித்தால் எதிரே ஜன்னல் தெரியும் என்று வீட்டுக்காரி சொல்கிறாள், அவள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள், பாதி ஜன்னல் தெரியும். பாசஞ்சர் அதைவிடக் குறைவு, ஆனால் புல்லைத் தவிர பெரிதாக ஒன்றும் கேட்கமாட்டாள், பால் ஆறினால் மேலே ஆடை படிந்து நிற்கும். கூட்ஸ்தான் தலைவலி. "மூணாவதைப் பத்திக் கவலைப்படாதே, அது பாட்டுக்குக் கறக்கும்" என்று தாங்கள் சொல்லியிருந்தீர்கள். அவளோ பாலை அடக்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். மடி கல் மாதிரி இருக்கிறது, பாத்திரத்தில் பூனைக்கு ஊற்றும் அளவுதான். தங்களை நினைத்து ஏங்குகிறாள் என்று நான் நினைத்தேன். "உங்க மூஞ்சியைப் பார்த்து ஏங்குது" என்றாள் வீட்டுக்காரி.

அக்கா, இதுக்கு மேல தாங்கள் நீங்கள்னு எழுதினா எனக்கு மூச்சு முட்டுது. நடந்ததை நடந்தபடி சொல்லிடறேன்.

ஒருநாள் விடிகாலை. வெளியே பனி, உள்ளே அந்தக் கறவை இயந்திரம் டுக் டுக், டுக் டுக்னு ஓடுது. அந்தச் சத்தம் இருக்கே, தண்டவாள இணைப்புல சக்கரம் ஏறி இறங்கற அதே தாளம். கூட்ஸோட வயிறு வேற நல்ல கதகதப்பு. கொஞ்சம் சாஞ்சேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பார்த்தா நம்ம பழைய ஸ்டேஷன், ஆனா கூரை இல்ல, மேலேயிருந்து வெளிச்சம் பால் மாதிரி சொட்டுது. பிளாட்பாரம் பூரா மாடுங்க. பெஞ்சுல உட்கார்ந்திருக்குங்க, ஒண்ணு பெட்டி மேல தலைய வச்சுத் தூங்குது, ஒண்ணு கடியாரத்தையே பார்க்குது, ஒரு கன்னுக்குட்டி எடை மிஷின் மேல ஏறி ஏறி இறங்குது. எல்லாம் நான் அறிவிப்பு சொல்ற கூண்டுப் பக்கமா திரும்பிப் பார்க்குதுங்க. யாருக்கும் கோபம் இல்ல. எந்த வண்டின்னு நான் சொன்னா போதும், போயிடுவாங்க. எனக்கோ எந்த வண்டின்னு தெரியலை, ஆனா சொல்லாம எப்படி இருக்கறது? வாயைத் திறந்து, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு"ன்னு ஆரம்பிச்சு, நாலாவது பிளாட்பாரத்துக்கு வரவேண்டிய வண்டி காலதாமதமா வரும், ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்னு, ஒரு எழுத்து பிசகாம சொல்லி முடிச்சேன். கண்ணைத் திறந்தா எதிர்ல வீட்டுக்காரி, கையில விளக்கோட நிக்கறா. அவ என்னைப் பார்க்கல. கேனைப் பார்க்கறா. கூட்ஸ் பாலை விட்டுட்டா அக்கா. நுரை தள்ளிக்கிட்டு இறங்குது.

"இன்னொரு தடவை சொல்லுங்க"ன்னா அவ.

இதை நீ சாதாரணமா படிச்சுட்டுப் போகக்கூடாது. நான் ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடியே என் இடத்துல ஒரு பதிவு பண்ணின குரலைக் கொண்டுவந்து வச்சாங்க. அது தும்மாது, லீவு கேக்காது. சரின்னு வீட்டுக்கு வந்தேன். வீட்டுல பேசினா குரல் சுவத்துல முட்டி என் காலடியிலேயே விழுற மாதிரி இருந்துச்சு. ஒலிபெருக்கி இல்லாம நான் சொல்றது யாருக்குப் போய்ச் சேரப்போகுதுன்னு, மெல்ல மெல்லப் பேசறதையே விட்டுட்டேன். அவ மேல கோபம்னு அவ நினைச்சுக்கிட்டா. அப்படி இல்லைன்னு சொல்லலாம்தான், ஆனா அதுக்கும் பேசணுமே. அப்படிப்பட்டவன்கிட்ட ஒருத்தி வந்து இன்னொரு தடவை சொல்லுங்கன்னா. சொன்னேன். திருப்பித் திருப்பிச் சொன்னேன். கூட்ஸ் கண்ணை மூடிக்கிட்டா. கடைசித் துளி வரைக்கும் விட்டா.

அதுல ஒரு சிக்கல் வந்துச்சு. நீதான் சொல்லியிருக்கே, ஒப்பீடுன்னா ஒருத்திக்குச் செய்யறதை எல்லாருக்கும் செய்யணும், இல்லைன்னா அது ஒப்பீடே இல்ல, ஓரவஞ்சனைன்னு. ஆகையால மூணு பேருக்கும் அறிவிப்பு செய்யறதுன்னு முடிவாச்சு. பாசஞ்சருக்கு ஒண்ணும் ஆகல. அவ பாட்டுக்கு அசைபோட்டுக்கிட்டு, எப்பவும் தர்றதைத் தந்துட்டு நின்னா. எக்ஸ்பிரஸ்கிட்ட நான் யோசிக்காம "வண்டி புறப்படத் தயாராக உள்ளது"ன்னு சொல்லிட்டேன். அவ நிஜமாவே புறப்பட்டுட்டா. இயந்திரம், குழாய், கேன், நான் உட்கார்ந்திருந்த முக்காலி, எல்லாத்தையும் இழுத்துக்கிட்டு கொட்டில் வாசலைத் தாண்டி பனிக்குள்ள போயிட்டா. வீட்டுக்காரி பின்னாலயே ஓடினா. "நிறுத்தச் சொல்லுங்க, நிறுத்தச் சொல்லுங்க"ன்னு குரல் மட்டும் வருது. புறப்பட்ட வண்டியை நிறுத்தறதுக்கு எங்க கூண்டுல அறிவிப்பு கிடையாது, அது கொடி காட்டற கார்டோட வேலை. கடைசில பால் சொசைட்டி வண்டிக்காரர் வளைவுல பிடிச்சுக் கொண்டுவந்து விட்டாரு. "மாட்டுக்கு என்ன பண்ணீங்க?"ன்னு கேட்டாரு. "ஒண்ணும் பண்ணல, பேசினேன்"னேன். அதுக்கப்புறம் அவர் என்னைப் பார்த்தா தூரத்துலேருந்தே ஹாரன் அடிக்கறாரு.

கூட்ஸுக்கு மட்டும் அது அமுதம். அதுலயும் வண்டி வருதுன்னா கொஞ்சம்தான் விடுவா. தாமதம்னா தாராளம். வண்டி ரத்துன்னு ஒரு தடவை சொன்னப்ப எக்ஸ்பிரஸ் அளவைத் தாண்டிட்டா. நான் சந்தோஷமா உனக்குப் போன் போட்டேன். நீ என்ன சொன்னே? "டேய், அந்தக் கூடுதல் பால் மாட்டோட வம்சத்துல சேருமா, நம்ம வம்சத்துல சேருமா? நாளைக்கு இந்த மாட்டை வாங்கற வீட்டுக்கெல்லாம் உன்னை ஆளுக்கொரு நாள் அனுப்பி வைக்கறதா? பார்வையிட வர்ற அன்னிக்கு வாயைத் திறந்தே, அப்புறம் நான் உன் அக்கா இல்ல. மாடு தானா குடுக்கறதைத்தான் குடுக்கணும்." அப்புறம்தான் நீ சிரிச்சதும் நர்ஸ் அம்மா போனைப் பிடுங்கினதும்.

அந்த நாளும் வந்துச்சு. தலைவர் வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் குடையுமா வந்தாரு. கூட வந்த உறுப்பினர்கள்ல பாதிப்பேர் பொம்பளைங்க, மாடு கறக்கற கைங்க. தலைவருக்கு எக்ஸ்பிரஸ் மேலதான் நோட்டம், போட்டோவுல நல்லா விழும்ல. பக்கத்துல போய் நின்னு குடையை விரிச்சாரு. எக்ஸ்பிரஸ் குடையை ஒரு பார்வை பார்த்தா, பாதிப் பாலோட நிறுத்திக்கிட்டா. "இன்னிக்கு அவளுக்கு உடம்பு சரியில்ல"ன்னு தலைவரே அவளுக்காகச் சொன்னாரு. பாசஞ்சர் வழக்கம்போலத் தந்தா. அடுத்தது கூட்ஸ். நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். டுக் டுக், டுக் டுக். குழாய்ல ஒரு சொட்டு இல்ல. அவ கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தா அக்கா. பிளாட்பாரத்துல மூட்டையோட நிக்கற ஆளுங்க கூண்டைப் பார்க்கற பார்வை அது. என்னால தாங்கல. ஆனா நீ சொல்லிட்டே. உதட்டை உள்ளே இழுத்துக் கடிச்சுக்கிட்டேன்.

"இந்த வழியே வேஸ்ட்டு. இதைக் கழிச்சுக்கட்டிடலாம்"னாரு தலைவர். கழிச்சுக்கட்டறதுன்னா எங்கே போகும்னு எனக்கும் தெரியும், அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். ரெண்டு பேர் தலையை ஆட்டிட்டாங்க.

அப்போ கதவுப் பக்கத்துலேருந்து ஒரு குரல். மெல்லிசா, நடுங்கிக்கிட்டு. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு." எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. என் வீட்டுக்காரி. முந்தானையை விரல்ல சுத்திக்கிட்டு, தரையைப் பார்த்துக்கிட்டு நிக்கறா. நாலு பேர் முன்னாடி சத்தமாத் தண்ணிகூடக் கேக்காதவ. அவ சொன்னது என்னோட அறிவிப்பு அக்கா. எங்க ஸ்டேஷன், எங்க பிளாட்பாரம். நான் எங்கே மூச்சு விடுவேனோ அங்கேயே அவளும் விடறா. "ஏற்பட்ட"ன்னு சொல்லிட்டு ஒரு துளி நிறுத்துவேனே, அந்த நிறுத்தம்கூட அப்படியே இருக்கு. குவார்ட்டர்ஸ்ல சமையக்கட்டு ஜன்னல் ஸ்டேஷன் பக்கமா இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? அத்தனை வருஷமும் அந்த ஜன்னல்ல நின்னு கேட்டிருக்கா. சுவத்துல முட்டி விழுந்துச்சுன்னு நான் நினைச்ச குரல் ஒரு இடத்துல போய்ச் சேர்ந்து, சேர்ந்த இடத்துல பத்திரமா இருந்திருக்கு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, தீவனத் தூசின்னு சொல்லிட்டேன். கூட்ஸ் பாலை விட்டா. கேன் அடியில மழை விழுற மாதிரி சத்தம் கேட்டுச்சு. தலைவர் குடையை மடக்கிட்டாரு.

அப்புறம் உறுப்பினர் அம்மாக்களெல்லாம் நீ கத்துக்குடுத்தபடியே பாலை ஊத்திப் பார்த்து, ஆடையைப் பார்த்து, எது எவ்வளவு தின்னுச்சுன்னு என்னைக் குறுக்கு விசாரணை பண்ணி, பாசஞ்சர் வழிதான் நம்ம வீடுகளுக்குச் சரின்னு ஒரே குரலாச் சொன்னாங்க. தலைவர் தவிர. கூட்ஸைப் பத்தி, "கச்சேரி வச்சாத்தான் கறக்கும்னா அது மாடா, சபா மெம்பரா?"ன்னு கேட்டுட்டு, விக்கிறதுக்கு ஆள் அனுப்பறேன்னு போயிட்டாரு.

ஆகவே அக்கா அவர்களே, நான் தங்கள் முன் வைக்கும் விண்ணப்பம் இதுதான். கூட்ஸ் கால்வழி பால் தராத வழி என்ற அவப்பெயர் நீங்கும்படி தாங்கள் தலைவருக்கு ஒரு வார்த்தை எழுதவேண்டும். அவளை விற்கவிடாமல் தங்கள் கொட்டிலிலேயே வைத்துக்கொள்ளவேண்டும். வாய் திறந்து தங்கள் ஒப்பீட்டைக் கெடுத்த என்னையும், தங்கள் கட்டளை எனக்கு மட்டும்தான் என்ற சந்துக்குள் புகுந்து தன் வாயைத் திறந்த என் வீட்டுக்காரியையும் மன்னிக்கவேண்டும். அடுத்த வாரம் நாங்கள் ஊருக்குத் திரும்புகிறோம். மாடுகளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள், முடிந்தால் ஊமையாக, ஏற்பாடு செய்துகொள்ளவும். தங்கள் காலுக்கு எங்கள் ஆசிகள், அதாவது வயதில் சிறியவர்கள் ஆசி சொல்லக்கூடாது என்பதால், வணக்கங்கள். நர்ஸ் அம்மாவுக்கும் எங்கள் மரியாதை.

இப்படிக்கு,
தங்கள் சொல் பெரும்பாலும் தட்டாத தம்பி.

பின்குறிப்பு: மேலே எழுதினது எதையும் யார்கிட்டயும் படிச்சுக் காட்டிடாதே. இன்னிக்குக் காலையில இதை உறையில போட்டு ஒட்டப் போற நேரத்துல பக்கத்துப் பண்ணைக்காரர் ஒரு கறுப்பு வெள்ளை மாட்டைக் கயித்துல பிடிச்சுக்கிட்டு, செருப்பைக் கழட்டிட்டு வாசல்ல வந்து நிக்கறாரு. "இதான் உங்க மூணாவது மாடு. உங்ககிட்ட இருக்கறது எங்க மாடு"ன்னாரு. நாங்க வந்த அன்னிக்குப் பனியில நான் ஓட்டிட்டு வந்தது அவரோட மாட்டை. உன் மாடு அவர் கொட்டில்ல. அவர் ரெண்டாம் நாளே கண்டுபிடிச்சுட்டாராம். "எங்களுது சுத்தமா பாலை நிறுத்தியிருந்துச்சுங்க. திடீர்னு மாடு மடி கொள்ளாம கறக்குது, ஆடை இவ்வளவு கனம் நிக்குது. தெய்வமாப் பார்த்துக் குடுத்ததை ஏன் கேள்வி கேக்கணும்னு இருந்துட்டேன். அதான் சங்கத்துக்கும் வரல. ரயில் அறிவிப்பு கேட்டுக் கறந்துச்சுன்னு ஊரே சொல்லவும்தான் மனசு கேக்கல. எங்க மாடு கன்னுக்குட்டியா இருந்தப்பலேருந்து ரேடியோ செய்தி கேட்டு வளர்ந்ததுங்க. ரேடியோ ரிப்பேர் ஆனதுலேருந்துதான் நிறுத்திடுச்சு"ன்னாரு. ஆக என் குரல்ல விசேஷம் ஒண்ணும் இல்ல, எந்தச் செய்தி வாசிக்கறவராயிருந்தாலும் அவளுக்குப் போதும். மத்தியானமே சங்கத்து அம்மாக்கள் கூடி, உன் நிஜ மூணாவது மாட்டுப் பாலைப் பார்த்துட்டு, பாசஞ்சர் முடிவை நிறுத்தி வச்சுட்டாங்க, ஒப்பீடு முதல்லேருந்து. கூட்ஸை விக்கற பேச்சும் இல்ல, அடுத்தவர் மாட்டை விக்கறதுக்குத் தலைவர் யாரு?

நாங்க அடுத்த வாரம் ஊருக்குப் போகல. பண்ணைக்காரர் ரேடியோ சரியாகற வரைக்கும் யாராவது வந்து பேசினா நல்லாயிருக்கும்னு கேட்டாரு. காலையில நான், சாயங்காலம் என் வீட்டுக்காரின்னு பேச்சு. இப்போ சாயங்காலம். பனி ஏற ஆரம்பிச்சுடுச்சு, பண்ணைக்காரர் கொட்டில் தெரியல, குரல் மட்டும் வருது. வாழ்க்கையில முதல் தடவையா நான் வெளியே உட்கார்ந்து கேக்கறேன். நடுக்கம் போயிடுச்சு அவளுக்கு. சொந்தமாவும் சேர்த்துச் சொல்ல ஆரம்பிச்சுட்டா. அவசரப்படாதீங்க, மாடு கறந்து முடியற வரைக்கும் இந்த வண்டி இங்கேயே நிக்கும்ங்கறா. அப்படி ஒரு அறிவிப்பு எங்க இலாகாவிலேயே கிடையாது அக்கா.